செல்போன் கோபுரம் எங்கே நிற்க வேண்டும்?

குடியிருப்புப் பகுதிக்கு செல்போன் கோபுரம் வரப்போகிறது என்பது பெரும்பாலும் அங்கே இருப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. காலி மனையில் பள்ளம் தோண்டிக் கம்பி கட்டத் தொடங்குவார்கள். அல்லது பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு இரும்புச் சட்டங்களைக் கயிறு கட்டி ஏற்றுவார்கள். விசாரித்த பிறகுதான் டவர் என்று தெரியவரும். அதற்குப் பிறகு நடப்பது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தெருவே கையெழுத்திட்ட மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், வேலையைத் தடுத்து நிறுத்துதல், சாலை மறியல், வட்டாட்சியர் முன்னிலையில் சமாதானப் பேச்சு. சில இடங்களில் வேலை நிற்கும். பல இடங்களில் போலீஸ் பாதுகாப்போடு மறுபடி தொடங்கும்.

“வீடுகளுக்கு நடுவே ஏன்?” என்பதுதான் மக்கள் கேட்கும் கேள்வி. முற்றிலும் நியாயமான கேள்வி அது. ஆனால் மனுவின் அடுத்த வரியிலேயே கதிர்வீச்சு, புற்றுநோய் என்ற இரண்டு சொற்கள் வந்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. அதிகாரிகளும் அந்த இரண்டுக்கு மட்டுமே பதில் சொல்கிறார்கள்: அளவு வரம்புக்குள் இருக்கிறது, சான்று இருக்கிறது. மனு அத்தோடு முடித்துவைக்கப்படுகிறது. அந்தக் கட்டடம் எடையைத் தாங்குமா, ஜெனரேட்டர் யார் வீட்டு ஜன்னலோரம் ஓடும், நூறு மீட்டர் தள்ளி வேறு இடம் பார்த்தார்களா என்பவை கேட்கப்படாமலே போகின்றன. உறுதியான பதில் கிடைக்க வாய்ப்புள்ள கேள்விகள் இவைதான்.

கோபுரம் ஏன் ஊருக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதை முதலில் பார்க்கலாம். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்று போன் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். நகரத்துக்குச் சில கோபுரங்களே போதும். செல்போன் அமைப்பில் நிலப்பரப்பு சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிலையம். ஒரு நிலையம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய போன்களுக்கு எல்லை உண்டு. ஆட்கள் பெருகி, பேச்சோடு படமும் வீடியோவும் ஓடத் தொடங்கினால் வட்டாரத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். ஆகவே கோபுரங்கள் ஜனங்கள் இருக்கும் இடத்தைத் தேடி வருகின்றன. வயல்வெளியில் நிறுத்தினால் நெரிசலான தெருவுக்கு அது பயன்படாது.

அலைவரிசையும் இதில் சேர்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும்; சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 5ஜி சேவை பெரிதும் நம்பியிருக்கும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் நிலையங்கள் இன்னும் நெருக்கமாக வேண்டியிருக்கிறது. இடம் பற்றிய தகராறுகள் வரும் ஆண்டுகளில் கூடுமே தவிரக் குறையாது.

ஆனாலும் கோபுரம் குறிப்பிட்ட அந்த ஒரு மனையில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஏறக்குறைய எப்போதுமே கிடையாது. நிறுவனத்தின் வானொலி அலைப் பொறியாளர்கள் வரைபடத்தில் குறிப்பது ஒரு புள்ளியை அல்ல, ஒரு வட்டத்தை. அந்த வட்டத்துக்குள் எங்கே வைத்தாலும் தேவையான வட்டாரத்துக்கு அலை கிடைக்கும். நகரத்தில் வட்டம் சிறியது, கிராமத்தில் பெரியது. பிறகு இடம் பிடித்துத் தரும் முகவர்கள் அந்த வட்டத்துக்குள் அலைந்து, வாடகைக்கு ஒப்புக்கொள்ளும் உரிமையாளரைத் தேடுகிறார்கள். யார் முதலில் சம்மதிக்கிறாரோ, யாருடைய பத்திரம் சிக்கலில்லாமல் இருக்கிறதோ, எங்கே லாரி போகுமோ அங்கே கோபுரம் வருகிறது. “தொழில்நுட்பக் காரணங்களால் இந்த இடம்தான்” என்று சொல்லப்படும்போது, வட்டத்துக்குள் வேறு எந்தெந்த இடங்கள் பார்க்கப்பட்டன, அவை ஏன் கைவிடப்பட்டன என்று கேட்க ஊர்மக்களுக்கு முழு நியாயம் உண்டு. இந்த விவாதம் முழுவதிலும் மிக வலுவான கேள்வி இது. மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

கோபுரத்தை வைப்பவர் யார் என்பதிலும் தெளிவு வேண்டும். இரும்புக் கோபுரம் பெரும்பாலும் நம் போனுக்குச் சேவை தரும் நிறுவனத்துடையது அல்ல. இண்டஸ் டவர்ஸ் போன்ற கோபுர நிறுவனங்கள் அதைக் கட்டி, சேவை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் தங்கள் ஆன்டெனாக்களை மாட்டுவதால் மொத்தக் கோபுரங்களின் எண்ணிக்கை குறைகிறது. பக்கத்திலேயே ஒரு கோபுரம் இருக்கும்போது புதிதாக ஏன் இன்னொன்று என்ற கேள்விக்கு இந்தப் பகிர்வு வழக்கமே அடிப்படை.

ஒரு வீட்டு மாடிக் கோபுரத்தைக் கிட்டே நின்று பார்த்தால் சர்ச்சையின் பாதி விளங்கிவிடும். தூண்களின் தலைக்கு மேல் கான்கிரீட் மேடைகள் எழுப்பி, அவற்றின் மீது இரும்பு உத்தரச் சட்டம் படுத்திருக்கும். அதன்மேல் சட்டக் கோபுரமோ, சில மீட்டர் உயரக் கம்பங்களோ நிற்கும். உச்சியில் ஆளுயரமோ அதற்குச் சற்று அதிகமோ உள்ள, ஒரு முழத்துக்கும் குறைவான அகலமுள்ள வெளிர்நிறப் பட்டைகள் செங்குத்தாக மாட்டப்பட்டிருக்கும். அவைதான் நம் போன்களோடு பேசும் ஆன்டெனாக்கள். சாதாரணமாக மூன்று திசைகளுக்கு மூன்று. ஒவ்வொன்றும் 120 பாகைப் பரப்பைப் பார்த்துக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் அவை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும். மக்களை அதிகம் பயமுறுத்தும் வட்டமான முரசு போன்ற பகுதிகள் வேறு வேலைக்கானவை. ஒரு கோபுரத்தை இன்னொரு கோபுரத்தோடு குறுகிய நேர்கோட்டில் இணைப்பவை அவை. அவற்றின் அலை வீடுகளை நோக்கிப் போவதில்லை. மாடியின் மூலையிலோ கீழே மதில் ஓரத்திலோ பேட்டரிகளும் மின்கருவிகளும் அடங்கிய பெட்டி இருக்கும். அதன் அருகே, பல இடங்களில், டீசல் ஜெனரேட்டர்.

இனி கதிர்வீச்சு. செல்போன் அலை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து மின்னூட்டம் ஏற்றும் வகையைச் சேர்ந்ததல்ல. எக்ஸ் கதிர் செய்வதுபோல மரபணுவின் பிணைப்பை முறிக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. நிரூபிக்கப்பட்ட விளைவு ஒன்றே: போதிய வலிமையில் பட்டால் திசுவைச் சூடாக்கும். உலக அளவில் பின்பற்றப்படும் வரம்புகள் அந்தச் சூட்டை வைத்து, அதற்கும் மிகக் கீழே நிர்ணயிக்கப்பட்டவை. இந்தியா 2008-ல் அந்தச் சர்வதேச வரம்பை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட், இந்தியா வைத்தது 0.45 வாட். 1,800 மெகாஹெர்ட்ஸில் 0.9 வாட். மீறும் நிலையத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2013-ல் விதிக்கப்பட்டது.

இந்த எண்கள் தெருவில் எப்படி இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு அலைபரப்பியின் சக்தி 20 வாட் என்று கொள்வோம். ஆன்டெனா அதைக் குறுகிய கற்றையாக்கி, அந்தத் திசையில் மட்டும் சுமார் 50 மடங்கு செறிவாக்குகிறது. கற்றைக்கு நேர் எதிரே 20 மீட்டர் தொலைவில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 வாட். தொலைவு இரட்டித்தால் அளவு நான்கில் ஒன்றாகும்: 40 மீட்டரில் 0.05. நூறு மீட்டரில் 0.008. ஒரே கோபுரத்தில் பல ஆன்டெனாக்கள் ஒரே பக்கம் பார்த்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கற்றைக்கு நேர் எதிரே யார் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஆன்டெனா டார்ச் விளக்கைப்போல முன்பக்கம் பாய்ச்சுகிறது. காலடியில் வெளிச்சம் மிகக் குறைவு. 30 மீட்டர் உயரத்தில் 6 பாகை சாய்த்து மாட்டிய ஆன்டெனாவின் மையக் கற்றை தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 285 மீட்டர் தள்ளி. கோபுரத்துக்கு நேர் கீழே குடியிருப்பவரைவிட, எதிர் வரிசையில் ஆன்டெனாவின் அதே உயரத்தில் உள்ள மாடியில் இருப்பவருக்கே அலை அதிகம் படுகிறது. பள்ளியிலிருந்து இத்தனை மீட்டர், வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் என்று தரையில் நாடா பிடித்து அளப்பது இந்த விஷயத்தில் பயன்தராது. தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதலும் இந்த அடிப்படையில்தான் அமைந்தது: ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் கட்டடம் இருந்தால், ஒரே திசையில் ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர் இடைவெளி, இரண்டு என்றால் 35, நான்கு என்றால் 45, பன்னிரண்டு என்றால் 75. குறுகலான தெருக்களில் மாடிக்கு மாடி ஒட்டி நிற்கும் நம் நகரங்களில், சரியான கேள்வி இந்த இடைவெளியைப் பற்றியது. கோபுரம் வைத்தபோது எதிரே காலி மனையாக இருந்து, பிறகு அங்கே நான்கு மாடி எழும்பியிருந்தால் மறுபடி அளந்து பார்ப்பதும் அவசியம்.

கோபுரத்தை மிகத் தூரத்துக்குத் துரத்துவதில் இன்னொரு விளைவும் உண்டு. போன் தன் சக்தியைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். நிலையம் அருகில் இருந்தால் மெல்லப் பேசும். தொலைவில் இருந்தால் முழு வலிமையில் பேசும். பழைய 2ஜி போன்களின் உச்ச சக்தி 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட், 4ஜி போனுக்கு 0.2 வாட். ஆனால் போன் காதோடு ஒட்டியிருக்கிறது. ஒருவர் உடலில் படும் அலையில் பெரும் பங்கு பெரும்பாலும் கையில் இருக்கும் போனிலிருந்தே வருகிறது.

புற்றுநோய் பயத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எடுத்த முடிவு. வானொலி அலைகளைப் “புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்பு உள்ளவை” என்ற 2பி பிரிவில் அது வைத்தது. அந்த முடிவு போனைக் காதில் வைத்து வெகுநேரம் பேசியவர்களின் மூளைக் கட்டிகள் பற்றிய, முரண்பாடுகள் நிறைந்த ஆய்வுகளின் மேல் எழுந்தது. கோபுரத்தருகே வாழ்ந்தவர்களைப் பற்றியதல்ல. கோபுரங்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட குறிப்பு, பொது இடங்களில் அளக்கப்பட்ட அளவுகள் சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை என்றும், அவற்றால் உடல்நலத்துக்குக் கேடு என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றும் கூறியது. அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்து 2024-ல் வெளியான விரிவான மறுஆய்வு, போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

இதையெல்லாம் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்திருக்கும்போது யாரும் கேட்கும் மனநிலையில் இருப்பதில்லை. அந்த வேதனையை அறியாமை என்று ஒதுக்குவது கொடுமை. ஆனால் நீதிமன்றத்தில் நிற்பது ஆதாரம் மட்டுமே. 2006-ல் கேரள உயர் நீதிமன்றம், கோழிக்கோடு மாவட்டத்தின் செமஞ்சேரி ஊராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில், அச்சத்தை மட்டும் காரணமாகக் காட்டிக் கோபுரத்தை மறுக்க முடியாது என்ற நிலையை எடுத்தது. அதற்குப் பின் பல உயர் நீதிமன்றங்கள் அதே வழியில் போயின. எதிர்த்திசையிலும் உத்தரவுகள் உண்டு. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனைகளில் இருந்த கோபுரங்களை அகற்றச் சொன்னது. 2017-ல் உச்ச நீதிமன்றம், குவாலியரில் வீட்டு வேலை செய்துவந்த, புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், பக்கத்து மாடியில் முறைப்படி அல்லாமல் வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பி.எஸ்.என்.எல். கோபுரத்தை ஏழு நாளில் நிறுத்த உத்தரவிட்டது. அந்த உத்தரவு எல்லாக் கோபுரங்களுக்கும் பொருந்தும் அறிவியல் முடிவாக எழுதப்பட்டதல்ல. 2021-ல் 5ஜி சேவையையே எதிர்த்து நடிகை ஜூஹி சாவ்லா டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு தள்ளுபடியானதோடு 20 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. பின்னர் அது 2 லட்சமாகக் குறைக்கப்பட்டது. பரந்த பயத்தை முன்வைத்த வழக்குகளைவிட, குறிப்பிட்ட ஓர் இடத்தின் குறிப்பிட்ட விதிமீறலைக் காட்டிய வழக்குகளுக்கே வழி பிறந்திருக்கிறது.

சிட்டுக்குருவிகளின் கதையும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 2018-ல் வந்த ஷங்கரின் ‘2.0’ படம் பறவைகள் அழிவதற்குச் செல்போன் கோபுரமே காரணம் என்ற எண்ணத்தைத் தமிழகமெங்கும் பதித்தது. செல்போன் நிறுவனங்களின் சங்கம் அப்படத்தின் மீது தணிக்கை வாரியத்திடம் புகாரே கொடுத்தது. அதற்கு முன்பே, 2010-ல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பறவை, தேனீக்கள் மீதான பாதிப்பை ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்திருந்தது. அதைத் தொடர்ந்து 2012 ஆகஸ்டில் அமைச்சகம் தந்த ஆலோசனைகளில், இருக்கும் கோபுரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கோபுரத்தை அனுமதிக்க வேண்டாம் என்பதும் ஒன்று. நகரங்களில் அது நடைமுறைக்கு வரவில்லை. ஓட்டு வீடுகளும் முற்றங்களும் மறைந்து, கூடு கட்ட இடமும் தீனியும் போனது குருவிகளுக்கு நேர்ந்த கண்கூடான இழப்பு. கோபுரத்தின் மீது மட்டும் பழியைப் போட்டால் அந்த இழப்பை யாரும் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

பயத்தை ஓரமாக வைத்தால் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள் மிஞ்சுகின்றன. முதலாவது கட்டடம். குடும்பம் வாழ்வதற்கென்று முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் தூண்கள், மாடிமேல் ஒரு இரும்புக் கோபுரத்தைக் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்டவை அல்ல. எடையைவிடக் காற்றுதான் பெரிய சோதனை. கோபுரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை தூண்களின் வழியாக அடித்தளம்வரை போகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுவேக வரைபடத்தில் சென்னைக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் தெரியும். 2013-ல் தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், கட்டட உறுதிச் சான்றை ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்து வாங்கச் சொல்கிறது. அந்தச் சான்று யார் கொடுத்தது, நேரில் வந்து பார்த்துக் கொடுத்ததா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்கலாம். கோபுரம் சாய்ந்தால் விழப்போவது அவர்கள் வீட்டின் மேல்.

இரண்டாவது ஜெனரேட்டர். அது வேண்டாத பொருள் அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையைக் கடந்தபின், டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, கோபுரங்கள் டீசலும் மின்சாரமும் இல்லாமல் நின்றன. வெளியூரில் இருந்த பிள்ளைகள் தாய் தந்தை உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். கோபுரம் வேண்டும், அது புயலிலும் ஓட வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மின்தடை வந்ததும் படுக்கையறை ஜன்னலுக்குப் பத்தடியில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கினால், அந்த வீட்டில் கைக்குழந்தையும் முதியவரும் எப்படித் தூங்குவார்கள்? விதிகள் இங்கே குடியிருப்பவர் பக்கம் இருக்கின்றன. ஜெனரேட்டரின் ஒலி அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி வரம்பு 45 டெசிபல், பகலில் 55. புகைக்குழாயின் உயரமும் திசையும் இதே போல அளந்து சொல்லக்கூடியவை. நிரூபிக்க முடியாத பயத்தைவிட, அளந்து காட்டக்கூடிய இந்தத் தொல்லைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவது உரிமை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பொதுவாக எல்லா வீட்டுக்காரர்களுக்கும் உரிய பொது இடம். கட்டியவரோ சங்கத்தில் இரண்டு பேரோ தன்னிச்சையாக வாடகைக்கு விட்டால் அந்த ஒப்பந்தமே கேள்விக்குரியது. 2013 வழிகாட்டுதலும் மாடியின் மீது உரிமை உள்ளவர்களின் ஆட்சேபமின்மைக் கடிதத்தைக் கேட்கிறது. தனி மனை உரிமையாளர்களுக்கும் ஒரு எச்சரிக்கை இந்த இடத்தில் பொருந்தும். “உங்கள் இடத்தில் டவர், லட்சக்கணக்கில் முன்பணம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்று போனில் பேசி ஏமாற்றும் கும்பல்கள் உள்ளன. கோபுரம் வைக்க இடம் தருபவரிடம் தொலைத்தொடர்புத் துறையோ ஒழுங்குமுறை ஆணையமோ எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை.

இவ்வளவு கேள்விகளையும் கேட்பதற்கு ஒரு வேளை வேண்டும். சட்டம் அந்த வேளையைத்தான் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அலைவரிசை சார்ந்த இட அனுமதி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கிறது. கட்டுமானம் சார்ந்த அனுமதி உள்ளாட்சியிடம் இருந்தது. 2016-ல் வந்த வழியுரிமை விதிகள், பொது இடங்களுக்கான விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் இல்லையென்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றன. 2022 ஆகஸ்டில் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது: தனியார் இடத்தில் கோபுரம் வைக்க உள்ளாட்சியின் அனுமதியே தேவையில்லை, தனியார் கட்டடத்தின் மேல் என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றோடு எழுத்து மூலம் முன்கூட்டித் தெரிவித்தால் போதும். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நாடு முழுவதும் இணைப்பு வேகமாகப் பரவ வேண்டும் என்ற நோக்கம் நல்லது. ஆனால் இந்த விதிகளில் எங்கும் சுற்றிலும் இருக்கும் வீடுகளுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறுவனம், இட உரிமையாளர், அரசு என்ற மூவருக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. கோபுரத்தோடு வாழப்போகிறவர்கள் நான்காவது தரப்பு. அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

வேறு நாடுகள் இதைக் கையாண்ட விதம் பலவாறாக இருக்கிறது. அமெரிக்காவில் 1996-ல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், அலை வரம்புக்குள் இருக்கும் வரை அதன் பாதிப்பைக் காரணம் காட்டி உள்ளாட்சிகள் கோபுரத்தை மறுக்கக் கூடாது என்று தடுத்தது. மறுப்பதானால் எழுத்தில் காரணம் வேண்டும் என்றும் சொன்னது. அதனால் அங்கே வாதம் உயரம், தோற்றம், மாற்று இடம் என்பவற்றைச் சுற்றியே நடக்கிறது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் பிளாக் மவுன்டன் குன்றின் மேல் எழுந்த 195 மீட்டர் தொலைத்தொடர்புக் கோபுரத்தை எதிர்த்து 1970-களில் ஊர்மக்கள் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். அவர்களுடைய கவலை கதிர்வீச்சு அல்ல. இயற்கைக் காப்பகமான குன்றும் நகரத்தின் அழகும் கெடும் என்பதுதான். அரசுக்குக் கட்ட அதிகாரம் உண்டென்று தீர்ப்பானது. கோபுரம் 1980-ல் திறக்கப்பட்டது.

பிரிட்டன் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான நிபுணர் குழு 2000-ல் தந்த அறிக்கை, கோபுர அலையால் பொதுவாக ஆபத்தில்லை என்றே சொன்னது. அதோடு நிற்கவில்லை. வீட்டருகே, பள்ளியருகே கேளாமல் கோபுரம் வைப்பது அங்கே இருப்பவர்களின் மன நலத்தைப் பாதிக்கக்கூடும் என்பதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டது. கற்றையின் உச்ச வலிமை பள்ளி வளாகத்தில் விழுவதானால் பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும் என்றது. எல்லா நிலையங்களுக்கும் திட்ட அனுமதி கட்டாயம் ஆக வேண்டும் என்றது. அரசு எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனாலும் 2001-ல் செல்போன் நிறுவனங்கள் ஊர்மக்களோடு முன்கூட்டிக் கலந்து பேசுவது உள்ளிட்ட பத்து உறுதிமொழிகளைத் தாமாகவே அறிவித்தன. ஆபத்தில்லை என்று நம்பும் ஒரு குழுவே, கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொன்னது இந்தியாவின் விதி எழுதுவோர் படிக்க வேண்டிய பாடம்.

இங்கே அப்படியொரு ஏற்பாடு வரும்வரை, கையில் இருக்கும் கருவிகளைத் தெரிந்துகொள்வது பயன்தரும். 2013 வழிகாட்டுதல் மாநில, மாவட்ட அளவில் தொலைத்தொடர்புக் குழுக்களை அமைத்துப் பொதுமக்களின் குறைகளைக் கேட்கச் சொன்னது. ஆட்சியரிடம் தரும் மனுவில் அந்தக் குழுவைக் கூட்டும்படி பெயர் சொல்லிக் கேட்கலாம். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. புறம்போக்கிலோ ஊராட்சிக்குச் சொந்தமான இடத்திலோ எங்கே கோபுரம் வரலாம் என்று சபையே முன்வந்து இடம் காட்டினால், எதிர்ப்பவர்களாக மட்டும் அல்லாமல் மாற்று இடத்தோடு வருபவர்களாக ஊர் பேச முடியும். வாடகையும் ஊருக்கே வரும். மனுவில் எழுத வேண்டியவை சில: அருகிலிருக்கும் கோபுரத்தை ஏன் பகிர முடியாது, வட்டத்துக்குள் வேறு எந்த இடங்கள் பார்க்கப்பட்டன, ஆன்டெனா பார்க்கும் திசையில் அதே உயரத்தில் எந்த வீடுகள் உள்ளன, கட்டட உறுதிச் சான்று எங்கே, ஜெனரேட்டர் எந்தப் பக்கம்.

கோபுரம் ஏற்கெனவே எழும்பிவிட்ட இடங்களில் அளந்து பார்க்கலாம். 2017 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய தரங் சஞ்சார் என்ற இணையதளத்தில், ஒரு பகுதியிலுள்ள கோபுரங்களையும் அவை அலை வரம்புக்குள் உள்ளனவா என்பதையும் பார்க்க முடியும். 4,000 ரூபாய் கட்டினால் துறையின் ஆட்கள் நேரில் வந்து, வீட்டு மாடியிலும் பால்கனியிலும் கருவி வைத்து அளந்து அறிக்கை தருவார்கள். நிறுவனம் தானே தரும் சான்றைவிட அந்த அறிக்கை எதிர்வீட்டாருக்கு மதிப்புள்ளது. அளவு மீறியிருந்தால் ஆன்டெனாவின் சாய்வையும் திசையையும் மாற்றவோ சக்தியைக் குறைக்கவோ உத்தரவிடும் அதிகாரம் துறைக்கு உண்டு. உள்ளாட்சியோ மின்வாரியமோ அலைப் பிரச்சினையைக் காரணம் காட்டித் தாமாகக் கோபுரத்துக்குச் சீல் வைக்கவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் கூடாது என்பது வழிகாட்டுதல். ஆகவே அந்தப் புகார் போக வேண்டிய இடம் துறையின் வட்டார அலுவலகம். ஒலிக்கும் புகைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், விரிசல் விட்ட தூணுக்கு மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொறியாளர் பிரிவு, மாடி உரிமைக்கு உரிமையியல் நீதிமன்றம் என்று மற்றவற்றுக்கும் வாசல்கள் வேறு வேறு. வீட்டு உரிமையாளரின் வாடகை ஒப்பந்தத்துக்கும் ஒரு காலவரை உண்டு. அது புதுப்பிக்கப்படும் ஆண்டு எது என்று தெரிந்துவைத்திருக்கும் தெரு, அடுத்த முறை பள்ளம் தோண்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.